மணிக்கு மூன்று மைல்

செப்டம்பர் 15, ஞாயிறு. பிரான்ஸ்டன், இங்கிலாந்து

மாலை 4.10க்குப் படகில் ஏறினோம். நேற்றிரவுதான் நானும் மனைவி வசுவும் விமானத்தை விட்டு இறங்கினோம். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் ஒரு தூக்கம் போட்டோம். காலையில் மகள் சுகந்தி வந்து, "மொதல்ல ஒரு வாரம் படகுல போவோம்பா, வீடு கீடெல்லாம் அப்புறம்" என்று சொல்லி வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டாள்.

வாடகைக்கு எடுத்திருப்பாள். படகின் பெயர் டோரிஸ். ஏழடி அகலம், ஐம்பத்தேழு அடி நீளம். ஸ்லீப்பர் பெட்டி ஒன்றின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறக்கினால் இப்படித்தான் இருக்கும். உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை, விறகு போட்டு எரிக்கும் இரும்புக் கணப்பு எல்லாம் உண்டு. பின்னால் நின்றுகொண்டு ஒருவர் சுக்கானைப் பிடித்து ஓட்ட வேண்டும். கால்வாய் நம் ஊர் வாய்க்காலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கரையோரம் முள்ளுச்செடிகளில் கறுப்புப் பழம் பழுத்துத் தொங்குகிறது. மரங்களின் உச்சியில் மட்டும் இலை மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது.

"எவ்வளவு வேகம் போவும்?" என்று கேட்டேன்.

"மூணு மைல்ப்பா."

"நிமிஷத்துக்கா?"

"மணிக்கு" என்றாள். வசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவனை, நடந்து போகிறவன் முந்திக்கொண்டு போகும் வாகனத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்கு வேலை, வரவில்லை.

எல்லோரும் நலம்.

செப்டம்பர் 16, திங்கள். நாப்டன்

காலை 8.00 புறப்பாடு என்று நான் அறிவித்திருந்தேன். கிளம்பியபோது 9.35. வசுவும் மகளும் டீ குடித்தார்கள், பிறகு வாத்துக்கு ரொட்டி போடலாமா கூடாதா என்று பேசினார்கள், பிறகு மறுபடியும் டீ.

சனிக்கிழமை பகல் 12 மணிக்கு நாங்கள் பான்பரி ஊரில் இருக்க வேண்டும். ஏன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன். கிளம்புவதற்கு முன்பே மாப்பிள்ளை ராஜ்மோகனுக்குப் போன் செய்துவிட்டேன். சனிக்கிழமை பான்பரி ஸ்டேஷனுக்கு வருகிறார். அவருக்கும் சுகந்திக்கும் இரண்டு வருடமாக ஏதோ மனஸ்தாபம் என்று வசு சொல்லியிருக்கிறாள். மனஸ்தாபம் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? நேரில் உட்கார்ந்து பேசினால் அரை மணியில் முடிந்துவிடும் விஷயம். பெரியவன் என்று ஒருவன் நடுவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்கூட்டிச் சொன்னால் இவள் முகத்தைத் தூக்கிக்கொள்வாள். அதனால் வசுவிடமும் சொல்லவில்லை.

மைல் கணக்கு, லாக் என்னும் தண்ணீர்க் கதவுகளின் கணக்கு எல்லாம் பார்த்துவிட்டேன். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் தாராளமாகப் போய்ச் சேரலாம்.

மதியம் ஒரு குறுகிய பாலம். ஒரு படகுதான் நுழைய முடியும். எதிரில் இன்னொரு படகு வந்துவிட்டது. சுகந்தி ஹாரன் அடித்தாள், அவர்கள் ஹாரன் அடித்தார்கள், கடைசியில் இரண்டு பேரும் "நீங்க வாங்க, நீங்க வாங்க" என்று கல்யாணப் பந்தியில் உபசாரம் செய்வது போல நின்றார்கள். என் சர்வீசில் இப்படி நடந்தால் இரண்டு வண்டியும் மோதியிருக்கும். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை அனுப்ப வேண்டுமானால் முதலில் போனில் லைன் கிளியர் கேட்க வேண்டும். பாதை காலி என்றால் அந்த மாஸ்டர் தன்னிடமுள்ள தாளைப் பார்த்து இரண்டு இலக்க எண் ஒன்று சொல்வார். பிரைவேட் நம்பர் என்று பெயர். அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் வண்டி வந்து சேரும்வரை பாதைக்கு அவர்தான் பொறுப்பு. அப்புறம் மழை, வெயில், மறந்துவிட்டேன் என்றெல்லாம் பேச முடியாது.

சுகந்தி திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது, விருத்தாசலத்துக்குக் கிளம்புமுன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "அப்பா, லைன் கிளியர்?" என்று கேட்பாள். நான் ஒரு எண் சொல்வேன். வீட்டு வாசலில் வந்து நின்று அந்த எண்ணைச் சொன்னால்தான் வசு கதவைத் திறக்க வேண்டும். இன்று அதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"பாலம் வருது, தலையக் குனிங்கப்பா" என்றாள்.

நலம்.

செப்டம்பர் 17, செவ்வாய். நாப்டன் மேடு

ஒன்பது லாக். லாக் என்பது தண்ணீரால் ஆன லிப்ட். தொட்டிக்குள் படகை விட்டுக் கதவைச் சாத்தி, மதகைத் திறந்து தண்ணீரை நிரப்பினால் படகு மேலே போகும். வடித்தால் இறங்கும். மதகைத் திறக்க ஒரு இரும்புக் கைப்பிடி. அதை வைத்துச் சுற்றுவது என் வேலை. படகு சரியான இடத்தில் நின்றதும் சுகந்தி கையைத் தூக்குவாள். அதற்கு முன் தொடக்கூடாது என்று நாலு முறை சொன்னாள். யாரிடம் சொல்கிறாள்?

நன்றாக வேர்த்தது. மதியம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

வாடகைப் படகில் இட்லித் தட்டு இருக்கிறது. மிளகாய்ப்பொடி டப்பாவில் சுகந்தியின் கையெழுத்து. ஜன்னலோரம் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி, முழங்கால் உயரம். எங்களுக்காக ஒரு வாரத்துக்கு என்னவெல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று வசுவிடம் சொன்னேன். வசு தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 18, புதன். மேட்டுக் கால்வாய்

இந்தக் கால்வாயை வெட்டியவன் என் கையில் கிடைத்தால் சார்ஜ் ஷீட் கொடுப்பேன். நேராகப் போனால் ஐந்து மைல். மேடு பள்ளம் பார்த்து வளைத்து வளைத்துப் பதினோரு மைல் ஆக்கியிருக்கிறான். ஒரு வயலில் சிவப்புக் கூரை போட்ட தானியக் கொட்டகை. 10.15க்கு இடது பக்கம் பார்த்தேன். 10.50க்கு வலது பக்கம் இருந்தது. 11.40க்கு முன்னால் வந்து நின்றது. நாங்கள் போகிறோமா, கொட்டகை எங்களைச் சுற்றுகிறதா?

கரையில் இறங்கி நடந்தேன். படகை விட அரை மைல் முன்னால் போய், பொறுக்காமல் திரும்பி வந்தேன். "குட்டி போட்ட பூனையாட்டம் ஏன் இப்பிடி அலையிறீங்க, உக்காருங்களேன்" என்று வசு கத்தினாள். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. நடந்தால் படகு வரமாட்டேன் என்கிறது.

மதியம் கரையில் கட்டியிருந்த ஒரு படகிலிருந்து ஹேஸல் என்ற அம்மாள், எழுபது வயது இருக்கும், "சூ!" என்று கூப்பிட்டாள். சுகந்தியைத்தான். பதினான்கு நாள் முடிந்துவிட்டதா, கிளம்பிவிட்டாயா, போன குளிரில் ஒழுகிய கணப்புக் குழாயை மாற்றினாயா என்று கேட்டாள். சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏதோ பதில் சொன்னாள்.

"அது என்னம்மா பதினாலு நாள்?"

"நெரந்தரமா கட்ட எடம் இல்லாத படகு, ஒரே எடத்துல பதினாலு நாளுக்கு மேல நிக்கக் கூடாதுப்பா. நகந்துகிட்டே இருக்கணும்."

"அப்பிடி யாரு இருப்பா?"

"இருக்காங்க" என்றாள்.

ஹேஸல் அம்மாளுக்கு வயதாகிவிட்டது, யாரோ என்று நினைத்துப் பேசியிருப்பாள். சாயங்காலம் சுகந்தி மடிக்கணினியைத் திறந்து ஆபீஸ் வேலை பார்த்தாள். ஒரு மணி நேரம் முன்னதாகவே படகைக் கரையில் கட்டிவிட்டோம். என் கணக்கில் 3 மைல் பாக்கி.

செப்டம்பர் 19, வியாழன். ஃபென்னி காம்ப்டன்

மழை. நகரவில்லை.

மேலே எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. காலையிலிருந்து ஐம்பத்தேழு அடியை எத்தனை முறை நடந்திருப்பேன் என்று தெரியவில்லை. நாளை மாலைக்குள் ஐந்து லாக் இறங்கி இன்னும் ஆறேழு மைல் போகாவிட்டால் சனிக்கிழமை 12 மணிக்குப் பான்பரி இல்லை. மாப்பிள்ளை வந்து நின்று காத்திருந்துவிட்டுப் போனால், அப்புறம் நாங்கள் ஊர் திரும்பும் வரை வேறு சந்தர்ப்பம் கிடைக்காது.

சுகந்தி குடை பிடித்துக்கொண்டு பால் வாங்கப் போனபோது வசுவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னுதான சொல்லுவா."

"அப்பிடின்னா வேணாம்னுதான் அர்த்தம்" என்றாள். தட்டை அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பகல் பதினொரு மணிக்குப் படுக்கிற பெண்பிள்ளை அல்ல அவள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் யாருக்காகச் செய்கிறேன்?

நலம்.

செப்டம்பர் 20, வெள்ளி. கிளேடன்

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

காலை 7.00க்கே கிளப்பிவிட்டேன். முதல் இரண்டு லாக் நன்றாக இறங்கினோம். மூன்றாவது லாக், மணி 9.40. இறங்கும் லாக்கில் ஒரு ஆபத்து உண்டு. மேல் கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் வாசற்படி மாதிரி ஒரு கல் மேடை நீட்டிக்கொண்டிருக்கும். அது எதுவரை என்று காட்டச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். படகின் வால் அந்தக் கோட்டுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். வராமல் தண்ணீரை வடித்தால் வால் படிமேல் உட்கார்ந்துகொள்ளும், தலை மட்டும் கீழே இறங்கும். ரயில்வேயிலும் பக்கத்துத் தண்டவாளத்தில் இடிக்காமலிருக்க இப்படி ஒரு குறி உண்டு. அதைத் தாண்டி நின்ற பெட்டிகளுக்காக எத்தனை பேரைத் திட்டிக் கிழித்திருக்கிறேன்.

சுகந்தி படகை உள்ளே விட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் கீழ்க் கதவுக்கு ஓடினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் கயிறு எதிலோ சிக்கியதென்று குனிந்திருந்தாள். கை தூக்கவில்லை. நான் மதகைத் திறந்துவிட்டேன். அரைகுறையாக இல்லை, முழுதாக, இரண்டு பக்கமும்.

முப்பத்தாறு வருட சர்வீசில் சிக்னல் கிடைக்காத ஒரு வண்டியை நான் அனுப்பியதில்லை.

படகு பின்வாங்கி வெள்ளைக் கோட்டைத் தாண்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. தண்ணீர் இறங்கியது, வால் இறங்கவில்லை. இரும்பு கல்லில் தேயும் சத்தம் கேட்டது. தலைப்பக்கம் சரிந்துகொண்டே போனது. உள்ளேயிருந்து பாத்திரங்கள் உருளும் சத்தம், அதற்கு மேல் வசுவின் குரல். சுகந்தி கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, "மூடுங்கப்பா! மூடுங்க!" என்று கத்தினாள். என் கைக்குக் கைப்பிடி அகப்படவில்லை. அது பக்கத்திலேயே புல்லில் கிடந்தது. பார்க்கிறேன், எடுக்க வரவில்லை. எப்படியோ எடுத்து இரண்டு மதகையும் மூடினேன்.

"இப்ப மேல வாங்க. அந்த மதகத் தொறங்க. கொஞ்சமா. கொஞ்சமாப்பா. நில்லுங்க. இன்னும் கொஞ்சம்." அவள் குரல் நிதானமாக இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் நல்ல ஆள் இருந்தால் அப்படித்தான் பேசுவார்கள். தண்ணீர் ஏறி, படகு ஒரு குலுக்கலோடு படியிலிருந்து விடுபட்டு மிதந்தது. மொத்தம் ஆறு நிமிடம். இன்னும் ஒரு நிமிடம் நான் தடவியிருந்தால் மனைவியும் மகளும் அந்தத் தொட்டிக்குள்.

உள்ளே ஓடினேன். வசு கட்டில் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்தாள். அடியில்லை. முழங்கால் சிராய்ப்பு. சாம்பார் தரையெல்லாம். கட்டிலுக்கு அடியிலிருந்த இழுப்பறை முழுக்க வெளியே வந்து கொட்டிக் கிடந்தது. குளிர்காலக் கோட்டுகள், பூட்ஸ், பள்ளிச் சான்றிதழ் வைத்த என் பழைய பச்சை ஃபைல், நாங்கள் சீராகக் கொடுத்த பட்டுப்புடவைகள். புடவைக்கு மேல் பித்தளைக் குத்துவிளக்கு, பழைய தமிழ்ச் செய்தித்தாள் பாதி கிழிந்து. எடுத்து நிமிர்த்தினேன். அடிப்பாகத்தில் பெயர் வெட்டியிருந்தது: வி. சுகந்தி. கடலூரில் பாத்திரக்கடையில் பக்கத்தில் நின்று நானே வெட்டச் சொன்னது.

யாரும் ஒரு வார வாடகைப் படகுக்குச் சீர் விளக்கைக் கொண்டுவருவதில்லை.

சுகந்தி வாசலில் நின்றாள். ஈரத் தலை, கையில் கயிறு உரசிய சிவப்பு.

"இது உன் படகாம்மா?"

"ஆமாப்பா. ரெண்டு வருஷம் ஆயிட்டு. போன மாசம் கோர்ட்டுல விவாகரத்தும் முடிஞ்சிட்டு."

வசு ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா, வந்துடறேன்னு."

சுகந்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கேட்டேன்ப்பா" என்றாள். பிறகு துணியை எடுத்துச் சாம்பாரைத் துடைக்க உட்கார்ந்தாள்.

மாலை

மீதி இரண்டு லாக்கையும் அவளே இறக்கினாள். நான் கரையில் நின்றேன். அவள் கை தூக்கினாள், நான் திறந்தேன். அதற்கு மேல் ஒரு வேலையும் எனக்குக் கொடுக்கவில்லை. இருட்டுமுன் கிராப்ரெடியில் கட்டினோம்.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். 2022 பிப்ரவரி 11. என் பழைய டைரியில் அன்றைக்கு ஒரே வரிதான் இருக்கும்: "சீனுவாசன் மகள் ரிசப்ஷன். சுகந்தி போன். நலம்." மண்டபத்தில் பந்தியில் உட்காரப் போகும்போது போன் வந்தது. மேளச் சத்தம். "வெளிய நிக்கிறேன்பா. வீட்டப் பூட்டிட்டாரு. கோட்டு உள்ள இருக்கு" என்றாள். பிறகு, "அப்பா, லைன் கிளியர் கெடைக்குமா?" என்றாள். அவள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. என்ன கேட்கிறாள் என்பதும் புரிந்தது. சுற்றிலும் உறவுக்காரர்கள். நான் சிரித்தேன். "இன்னும் சின்னப் பொண்ணா நீ? மாப்பிள்ளைகிட்ட நல்லபடியா பேசு, எல்லாம் சரியாப் போவும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது என்றுகூட வசுவிடம் சொன்னேன்.

ஜங்ஷனில் இடமில்லை என்றால் வண்டியை ஊருக்கு வெளியே அவுட்டர் சிக்னலில் நிறுத்துவோம். என் ஜங்ஷன் காலியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 21, சனி. கிராப்ரெடி

காலையில் மூடுபனி. கரைப் பாதை தெரியவில்லை. 8.20க்குப் பனியில் கொஞ்ச தூரம் நடந்து போய் ராஜ்மோகனுக்குப் போன் செய்தேன்.

"நீங்க வர வேண்டாம்."

"என்ன மாமா, நீங்கதான வரச் சொன்னீங்க? டிரெயின் ஏறியாச்சு. அவளுக்கு நாலு புத்தி சொல்லி அனுப்பி வைக்கிறேன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன். எனக்குத்தான் புத்தி இல்ல. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பிடுங்க. பிப்ரவரி மாசத்துல கோட்டு இல்லாம வெளிய நிறுத்தினீங்களே, அந்தப் பொண்ணோட அப்பா பேசறேன். இனிமே இந்த நம்பருக்குப் பேசாதீங்க."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். துண்டித்தேன். திரும்பி வந்து வசுவிடம் சொன்னேன். "டீ ஆறிப்போவுது" என்றாள். நேற்று முழுவதும் என்னோடு பேசாதவள் டீயைக் கையில் கொடுத்தாள்.

பதினொன்றரைக்குப் பனி விலகியது. சுகந்தி படகின் பின்பக்கம் உட்கார்ந்து, கல்லில் உரசிய இடத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில், இன்று பான்பரியில் யாரை வரச் சொல்லியிருந்தேன், ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்பதைச் சொன்னேன். பிரஷ் நின்றது.

"வர்றானா?"

"இல்ல. வர வேணாம்னு சொல்லிட்டேன்."

பிரஷ் மறுபடி நகர்ந்தது. அப்புறம் பிப்ரவரி 11 பற்றிச் சொன்னேன். புரியவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "புரிஞ்சுதும்மா. நாலு பேரு பாக்குறாங்கன்னு புரியாத மாதிரி இருந்துட்டேன். தப்பு" என்றேன். இந்த வயதில் மகள் முன்னால் அழுவேன் என்று நினைக்கவில்லை. அழுதேன்.

ஒரு வாத்துக் குடும்பம் வந்து ஒன்றும் கிடைக்காமல் போனது.

"இப்ப அங்க வர மாட்டேன்பா. இங்க வேல இருக்கு, இது இருக்கு" என்று படகைத் தட்டினாள். "இந்தக் குளிருக்குக் கணப்புக் குழாய்கூட மாத்திட்டேன்."

"வரணும்னு சொல்லல. லைன் கிளியர் குடுத்தா குடுத்ததுதான். வண்டி எப்ப வேணா வரலாம். வராமயும் இருக்கலாம். எந்நேரமானாலும் பாத காலியா இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நம்பர் அறுபத்து மூணு" என்றேன்.

பிரஷ்ஷை டப்பாமேல் வைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அவள் சொல்லவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"டைரியக் குடுங்க."

கொடுத்தேன். பேனாவையும் கொடுத்தேன். என் கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்துவிட்டு எழுதினாள். விரலிலிருந்த பெயிண்ட் தாளின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. இன்றைய தேதியில் நான் எழுதியதெல்லாம் அதற்குப் பிறகு, அவள் வரிக்கு மேலிருந்த வெற்றிடத்தில் நெருக்கி எழுதியது. அவள் பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறாள்:

பகல் 12.07. லைன் கிளியர் கிடைத்தது. எண் 63. தாமதம்: இரண்டு வருடம், ஏழு மாதம், பத்து நாள். சுகந்தி.